விசையும் இயக்க விதிகளும்: கரும்பலகையா, செய்முறையா, திரையா?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே நியூட்டனின் மூன்று இயக்க விதிகள்தான். இதை மூன்று வழிகளில் நடத்திப் பார்த்திருக்கிறேன். விதியை எழுதிப் போட்டுக் கணக்குப் போட வைப்பது ஒன்று. பொருள்களை மேசையில் வைத்துச் செய்து பார்ப்பது இன்னொன்று. கணினித் திரையில் ஓட்டிக் காட்டுவது மூன்றாவது. எது நல்லது என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்.

பந்தை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டுப் போன பிறகு, மேலே ஏறிக்கொண்டிருக்கும் பந்தின் மேல் என்ன விசை செயல்படுகிறது? காற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாடம் தொடங்கும் முன் கேட்டால், "கை கொடுத்த விசை, மேல்நோக்கி" என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். உண்மையில் புவியீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. 200 கிராம் பந்து என்றால் ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதே சுமார் 2 நியூட்டன், கீழ்நோக்கி. பாடம் முடிந்த பிறகு எத்தனை பேர் இந்தப் பதிலுக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. "குழாயில் தண்ணி போர்ஸா வருது" என்கிறோம். "விசையா நட" என்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் சொல்ல வருவது வேகத்தை. ஆங்கில வழியில் படித்தாலும் தமிழ் வழியில் படித்தாலும், விசை என்பது ஓடும் பொருளுக்குள்ளே இருக்கும் ஏதோ ஒன்று என்ற எண்ணத்தோடுதான் பிள்ளை வகுப்புக்கு வருகிறது. விசை என்பது ஒன்றின் மேல் இன்னொன்று செலுத்துவது. பொருள் அதைச் சுமந்துகொண்டு போகாது. இந்த ஒரு இடத்தைத் தாண்டாமல் மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்து பயனில்லை.

கரும்பலகை வழி இந்த இடத்தில்தான் தோற்கிறது. நிலைமத்தை, அதாவது இருக்கும் நிலை மாறுவதைப் பொருள் எதிர்க்கும் தன்மையை, ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று வகை பிரித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் பந்துக் கேள்வியில் பழைய பதிலையே சொல்லும். அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் காட்டியது. அமெரிக்காவில் 62 வகுப்புகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கணக்கே இல்லாமல் கருத்தை மட்டும் சோதிக்கும் தேர்வைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் வைத்திருக்கிறார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள், முன்னேற இடமிருந்ததில் சராசரியாகக் கால் பங்குகூட எட்டவில்லை. செய்து, பேசி, விவாதித்த வகுப்புகள் கிட்டத்தட்டப் பாதியை எட்டின.

ஆனால் உந்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு விசை என்னும் இரண்டாம் விதிக்குக் கரும்பலகையை விட்டால் வேறு வழியில்லை என்பேன். 1000 கிலோ கார், நொடிக்கு 20 மீட்டர் வேகம். பிரேக் பிடித்து 4 நொடியில் நிறுத்தினால் சராசரி விசை 5000 நியூட்டன். அதே கார் சுவரில் மோதி 0.1 நொடியில் நின்றால் 2,00,000 நியூட்டன். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. இரண்டிலும் உந்த மாற்றம் ஒன்றுதான், நேரம்தான் வேறு. கேட்ச் பிடிக்கிறவர் கையை ஏன் பின்னால் இழுக்கிறார் என்பது அந்த இரண்டு வரியிலேயே விளங்கிவிடும். இவ்வளவு தெளிவான எண்கள் நம் ஆய்வகத் தள்ளுவண்டியில் கிடைக்காது.

செய்முறைக்கு வருவோம். டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் காசு, ஒரு சுண்டு. பிள்ளைகள் கை தட்டுவார்கள். அவ்வளவுதான், அது வித்தை காட்டியதோடு சரி. செய்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதியது பொய்த்தால்தான் "ஏன்?" என்ற கேள்வி வரும்.

ஒன்று இன்னொன்றை இழுத்தால் அதுவும் இதை அதே அளவு திருப்பி இழுக்கும் என்னும் மூன்றாம் விதிக்கு எனக்குப் பிடித்தது இரண்டு சுருள்வில் தராசுகள். கொக்கியோடு கொக்கியை மாட்டி, ஒன்றை வகுப்பிலேயே பலசாலியான பையனிடமும் இன்னொன்றை ஒல்லியான பெண்ணிடமும் கொடுப்பேன். யார் தராசு அதிகம் காட்டும்? எல்லா நோட்டிலும் பையன் பெயர். இழுத்தால் இரண்டிலும் 6 நியூட்டன். அவன் இன்னும் பலமாக இழுத்தால் இரண்டிலும் 8. அப்புறம் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, அவன் பிடித்திருந்த முனையை ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். அந்தப் பெண் இழுக்கிறாள், மறுபடியும் இரண்டும் சமம். "சார், அப்போ ஜன்னலும் இழுக்குதா?" என்று யாராவது கேட்கும் வரை நான் வாயைத் திறப்பதில்லை.

இதற்கு ஒரு பாடவேளை முழுக்கப் போய்விடும். பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அது சின்ன விலை இல்லை.

திரையில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகங்கள், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் நிரல்கள், இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் உராய்வை ஒரே இழுப்பில் இல்லாமல் ஆக்கலாம். தள்ளிவிட்ட பெட்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து விசை இல்லையென்றால் ஓடும் பொருள் அப்படியே ஓடும் என்னும் முதல் விதியை இவ்வளவு சுத்தமாக எந்த மேசையிலும் காட்ட முடியாது. குறை என்னவென்றால், திரையில் கார்ட்டூனும் அப்படித்தான் ஓடுகிறது. பிள்ளைகள் அதை நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் முதலில் கேரம் ஸ்ட்ரைக்கரைச் சிமெண்டுத் தரையில் சுண்டச் சொல்வேன். பிறகு பவுடர் போடாத போர்டில், பிறகு பவுடர் போட்ட போர்டில். ஒவ்வொரு முறையும் தூரம் கூடும். "உராய்வே இல்லையென்றால்?" என்று கேட்டுவிட்டு அதன் பிறகே திரையைத் திறப்பேன். சாய்தளத்தில் பந்தை உருட்டிய கலிலியோ போன பாதையும் ஏறக்குறைய இதுதான்.

ஆக, முதல் விதிக்குக் கேரம் போர்டு, பின்னால் திரை. இரண்டாம் விதிக்குக் கரும்பலகை. மூன்றாம் விதிக்குத் தராசுகள். வாரத்தில் ஒரே ஒரு செய்முறை வகுப்புதான் கிடைக்கும் என்றால் நான் தராசுகளையே எடுத்துப் போவேன். ஏனென்றால் அது முடிந்த மறுநாள் பந்துக் கேள்வியைத் திரும்பக் கேட்டால், "கை விட்டுடுச்சே சார், இப்ப யாரு தள்ளுறா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரலாவது வருகிறது.