"கேஸை முடித்துத் தருகிறேன்" என்று வருபவரை நம்பாதீர்கள்: சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு நடந்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் பையன்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எங்கள் குடும்பம் 6,500 வெள்ளியை (ரிங்கிட்) பறிகொடுத்தது. அதைவிடப் பெரிய ஒன்றையும் நானே என் கையால் அழித்தேன்.

2024 தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஆரம்பித்தது இது. தம்பிக்கு அப்போது 20 வயது, சிம்மோர் பக்கம் தொழிற்சாலை வேலை. கூடப் படித்த ஒருவன், "ஆன்லைன்ல சாமான் விக்கிறேன்டா, என் அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சனை, உன் ஏடிஎம் கார்டை ரெண்டு வாரம் கொடு, 300 வெள்ளி தர்றேன்" என்று கேட்டிருக்கிறான். இவனும் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துவிட்டான். பிறகு பல தடவை திருப்பிக் கேட்டிருக்கிறான். "தொலைஞ்சு போச்சு" என்று பதில் வந்திருக்கிறது. வங்கிக்குப் போய் கார்டை நிறுத்தவில்லை, ஒரு ரிப்போர்ட்டும் செய்யவில்லை. எங்கோ ஒரு பெரியவர் போலி முதலீட்டை நம்பிப் போட்ட 18,400 வெள்ளி அந்தக் கணக்கில் விழுந்து, அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. தம்பி செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெரியவர் எந்த ஊரோ, என்ன பாடுபடுகிறாரோ என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

2025 மார்ச்சில் போலீஸ் வந்து தம்பியை அழைத்துப்போனது. மறுநாள் மாஜிஸ்திரேட் நான்கு நாள் ரிமாண்ட் கொடுத்தார். நானும் அம்மாவும் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோதுதான் ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். லாயர் ஆபீஸில் வேலை, இந்த மாதிரி கேஸ் எத்தனையோ முடித்துக் கொடுத்திருக்கிறேன் என்றார். "இது கம்ப்யூட்டர் கிரைம்மா. 1997 சட்டம். பத்து வருஷம் உள்ள, ஒன்றரை லட்சம் அபராதம். ஆனா பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்."

அன்றிரவு நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவில் அவர் சொன்ன அதே பத்து ஆண்டும் 150,000 வெள்ளியும் இருக்கின்றன. அதைப் பார்த்ததும் முழுதாக நம்பிவிட்டேன். தொகையும் ஆண்டும் உண்மை, ஆனால் அந்தப் பிரிவு தம்பிக்குப் பொருந்துமா என்று யோசிக்கத் தோன்றவில்லை. அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து, அதை வைத்து மோசடி மாதிரி வேறொரு குற்றம் செய்ய நினைப்பவர்களுக்கான பிரிவு அது. தம்பி எந்தக் கணினிக்குள்ளும் நுழையவில்லை.

ஃபைலை மூட 3,500, ஜாமீனுக்கு முன்பணம் 3,000 என்று கேட்டார். பால்மரம் வெட்டிய காலத்தில் சேர்த்து வாங்கிய இரண்டு வளையல்களை அம்மா அடகுக் கடையில் வைத்தார். மீதியை நான் போட்டேன். பணத்தை வேறொரு பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னார். "அது பாஸோட அக்கவுண்ட் தங்கச்சி" என்றார். ரசீது கேட்டதற்கு, இதுக்கெல்லாம் ரசீது கொடுக்க மாட்டாங்க என்றார்.

அப்புறம் இன்னொன்று கேட்டார். தம்பியின் கையில் இருந்த போனைப் போலீஸ் எடுத்துவிட்டது. பழைய போன் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்றார். இருந்தது, கண்ணாடி உடைந்த ஒன்று அலமாரியில் கிடந்தது. "அது அவங்க கையில் சிக்கினா தம்பிக்கு ஆபத்து, எல்லாத்தையும் அழிச்சிடுங்க." இரவு பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டு அதை ரீசெட் செய்தது நான்தான். அதற்குள்தான் அந்த நண்பனோடு தம்பி பேசிய வாட்ஸ்அப் முழுவதும் இருந்தது. கார்டை எதற்கு வாங்கினான், தம்பி எத்தனை தடவை திருப்பிக் கேட்டான், அவன் என்னென்ன சாக்குச் சொன்னான், எல்லாமே. தம்பி ஏமாற்றப்பட்டான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

தம்பி போலீஸ் ஜாமீனில் வெளியே வந்தபோது, தன்னால்தான் வந்தான் என்று அந்த ஆள் சொன்னார். ரிமாண்ட் முடிந்தது, அதனால் விட்டார்கள். சில வாரம் கழித்து, கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், "மெங்காக்கு பண்ணிடச் சொல்லுங்க, அபராதத்தோட போயிடும்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்! அப்படியானால் அந்த 3,500 எதற்கு?

கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு மாமாதான் எங்களை நிறுத்திவைத்துக் கேட்டார்: "லாயர் பேர் என்னம்மா?" எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்டோம், அவர் ஒரு பெயர் சொன்னார். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கே அப்படி யாரும் இல்லை. பணம் அனுப்பிய கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கின் மேல் ஏற்கெனவே போலீஸ் ரிப்போர்ட்டுகள் இருந்தன. தம்பி மாதிரி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கணக்காகவும் இருக்கலாம். 2022இலிருந்து இயங்கும் தேசிய மோசடி மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழைத்தோம். ஆனால் பணம் போய் வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அன்றைக்கே அழைத்திருந்தால் தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது.

சட்ட உதவி வழியாக ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி: "கார்டு கொடுத்த தேதி என்ன?" அந்த ஆள் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. மோசடிப் பணம் போய்வர அடுத்தவருக்குக் கொடுக்கப்படும் கணக்குக்கு மியூல் கணக்கு என்று பெயர். அதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் புதிய, கடுமையான பிரிவுகள் 2024 கடைசியில்தான் நடப்புக்கு வந்தன. ஒரு செயல் நடந்த பிறகு வந்த சட்டத்தை வைத்து அந்தச் செயலுக்குத் தண்டிக்க முடியாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு சொல்கிறது. தம்பி கொடுத்தது அந்த ஆண்டு ஜனவரியில். அதனால் பழைய 424ஆம் பிரிவுதான். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தப் பிரிவில் நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 300 வெள்ளி வாங்கியது தம்பிக்கு எதிராக நிற்கும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

போனை அழித்ததைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. குற்றவாளியைக் காப்பாற்ற ஆதாரத்தை அழிப்பது 201ஆம் பிரிவின்படி தனிக் குற்றம், என் மேலேயே கேஸ் வரக்கூடும் என்றார். நடந்ததை அப்படியே போலீஸில் சொல்லிவிட்டேன். வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

இன்னும் சில விஷயங்கள், எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தவை. கைதானவர் வழக்கறிஞரோடும் குடும்பத்தோடும் பேச உரிமை உண்டு. கையில் காசு இல்லாவிட்டாலும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. ஒய்பிஜிகே என்று கேளுங்கள், 2012 முதல் ரிமாண்டிலேயே வந்து நிற்கிறார்கள். வாக்குமூலத்தில் தன் மேலேயே குற்றத்தைக் கொண்டுவரும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். "கொடுக்கிற எல்லாத்திலயும் சைன் போடச் சொல்லுங்க" என்று அந்த ஆள் சொன்னது போல நடக்க வேண்டியதில்லை. குற்றச்சாட்டை மீட்டுக்கொள்ளும் அதிகாரம் அரசாங்க வழக்கறிஞர் தரப்புக்குத்தான். அதைக் கேட்டு வழக்கறிஞர் முறைப்படி கடிதம் எழுதுவார், பாலாய்க்கு வெளியே யாரும் அதை விற்க முடியாது. ஐசியை (அடையாள அட்டையை) கொடுத்து அடுத்தவருக்கு சிம் கார்டு எடுத்துத் தருவதும் இதே குழிதான். 2012இல் வந்த சாட்சியச் சட்டம் 114ஏ பிரிவின்படி, ஒரு இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதிலிருந்து வெளியிடப்பட்டதை அவர்தான் வெளியிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும்.

மே மாதம் தம்பி குற்றத்தை மறுத்து விசாரணை கோரினான். கோர்ட் கொடுத்த கடிதத்தோடு நானே வங்கிக்குப் போய் என் பெயரில் ஜாமீன் பணத்தைப் போட்டேன். கேஸ் முடிந்ததும் அது எனக்கே திரும்பி வரும். முன்பணம் என்று அந்த ஆள் வாங்கிய 3,000 பச்சைப் பொய் என்பது அந்த கவுண்டரில் நின்றபோதுதான் புரிந்தது.

அழிந்த உரையாடலில் இரண்டே இரண்டு மெசேஜ் கிடைத்திருக்கின்றன. தம்பி அப்போது மனம் நொந்து மாமா மகனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். அதில் ஒன்று: "கார்டு எங்கடா, எனக்குப் பயமா இருக்கு." வழக்கறிஞர் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

அந்த ஆள் மேல் நாங்கள் ரிப்போர்ட் செய்துவிட்டோம். இதே மாதிரி பாலாய் பக்கமோ கோர்ட் பக்கமோ வைத்து யாராவது உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள், வந்து ரிப்போர்ட் கொடுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப், பணம் போட்ட ரசீது, கணக்கு எண் எல்லாவற்றையும் ஒன்றுகூட அழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.