ஈஸ்ட் கோஸ்ட்டா, பாசிர் ரிஸ்ஸா, சாங்கியா? ஓய்வுபெற்றவர்களின் கண்ணோட்டத்தில் மூன்று கடற்கரைகள்

சிங்கப்பூரின் கிழக்கே வசிக்கும் மூத்தோருக்குக் கடல் எட்டாத தொலைவில் இல்லை. எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஓய்வுபெற்ற நாங்கள் ஐந்து பேர் புதன்கிழமைதோறும் காலையில் சேர்ந்து நடக்கிறோம். எங்களில் இளையவருக்கு 62 வயது, மூத்தவருக்கு 74. ஒருவருக்கு நீரிழிவு, ஒருவருக்கு முழங்கால் வலி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க ஐவரில் யாருக்கும் மனமில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, பாசிர் ரிஸ் பூங்கா, சாங்கி ஆகிய மூன்று இடங்களுக்கும் மாறி மாறிப் போய்வந்ததில், ஒவ்வோர் இடமும் யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதில்லை என்பது எனக்கு ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

சுற்றுலாப் பயணி ஓர் இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஓய்வுபெற்றவர் அப்படியல்ல, அவருக்கு வாரத்தில் ஏழு நாளும் கையில் இருக்கின்றன. ஆகவே, பேருந்திலும் ரயிலிலும் சிரமமின்றிப் போய்வர முடியுமா, வெயில் ஏறினால் ஒதுங்க நிழல் உண்டா, களைத்தால் உட்கார இருக்கையும் அவசரத்துக்குக் கழிவறையும் பக்கத்தில் உண்டா என்று பார்ப்பதோடு, பத்தாவது முறை போகும்போதும் பார்க்கவோ செய்யவோ ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் நான் பார்க்கிறேன். என் கணிப்பில் இந்தக் கடைசிக் கேள்விதான் முதன்மையானது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து தொடங்குகிறேன். நாம் காலாற நடக்கும் அந்த மண் முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. 1966இல் தொடங்கிய பெரிய நில மீட்புத் திட்டத்தில், சிக்லாப், பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிய மண்ணைக் கொண்டு கடலைத் தூர்த்தார்கள். கத்தோங்கில் வளர்ந்தவர்களுக்கு வீட்டு வாசலுக்கு அருகிலேயே அலை அடித்த காலம் இன்னும் நினைவில் இருக்கும். இன்று அந்தப் பூங்கா ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமும் 185 ஹெக்டர் பரப்பும் கொண்டது. மேடு பள்ளம் அதிகம் இல்லாத நீண்ட பாதையில் மிதிவண்டிக்கும் நடைக்கும் தனித்தனித் தடங்கள் இருப்பதால், உடலுக்கு நல்ல உழைப்பு வேண்டும் என்பவர்களுக்கு இதற்கு இணையான இடம் இந்தத் தீவில் இல்லை என்றே சொல்வேன். பல ஆண்டுகள் மிதிவண்டியைத் தொடாத எங்கள் நண்பர் ஒருவர் இங்கேதான் மீண்டும் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். வாடகைக்கு எடுத்த வண்டியின் பின் பிரேக் பிடிக்காமல் நான் ஒரு முறை புல்தரையில் சாய்ந்தேன். அடிபடவில்லை என்றாலும் நம் வயதில் எலும்பு முறிந்தால் கூடுவதற்கு மாதக்கணக்காகும். வண்டியைக் கையில் வாங்கியதும் இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்து, உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்றும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்திக்கொண்ட பிறகே புறப்படவேண்டும்.

இங்கு எனக்குப் பிடித்த இடம் பிடோக் படகுத்துறை. கடலுக்குள் 250 மீட்டர் நீண்டு நிற்கும் அதன் முனையில் நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, சரக்கு ஏற்றிய கப்பல் எது, வெறுமையாக நிற்பது எது என்று நீரில் அமிழ்ந்திருக்கும் அளவை வைத்துக் கணக்கிடுவதில் இன்றும் ஒரு நிறைவு உண்டு. தூண்டில்காரர்கள் விடியுமுன்பே வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். அவர்களில் பலரும் நம் வயதினர்தான். பேச்சுக்கொடுத்தால் எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்பதைப் பொறுமையாகச் சொல்வார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பூங்காவுக்குப் போவதே பெரிய வேலையாக இருந்தது, ஏனென்றால் குடியிருப்புகளுக்கும் கடலுக்கும் நடுவே விரைவுச்சாலை ஓடுகிறது. 2024 ஜூன் 23ஆம் தேதி தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் நான்காம் கட்டம் திறக்கப்பட்டு, மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப், பேஷோர் நிலையங்கள் செயல்படத் தொடங்கியபின் அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. ரயிலிலிருந்து இறங்கிச் சற்று நடந்து, விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதையைக் கடந்தால் கடல். வேறு குறைகள் இருக்கின்றன. பத்து மணிக்கு மேல் மணலை ஒட்டிய பாதையில் பல இடங்களில் நிழல் போதாது. வார இறுதியில் வேகமாக வரும் மிதிவண்டிகள் நடப்பவர்களைத் திடுக்கிட வைக்கும். 2024 ஜூன் மாதம் நிகழ்ந்த எண்ணெய்க் கசிவால் கடற்கரை பல வாரங்கள் மூடப்பட்டிருந்ததையும் மறக்க முடியாது. கடல்மட்டம் உயர்வதிலிருந்து கரையைக் காக்க இதற்கு எதிரே ஏறத்தாழ 800 ஹெக்டரில் ‘லாங் ஐலண்ட்’ என்ற நில மீட்புத் திட்டத்தை அரசு ஆராய்ந்துவருவதால், இப்போது நாம் பார்க்கும் இந்தத் திறந்த கடற்காட்சி நம் பேரப்பிள்ளைகள் ஓய்வுபெறும் காலத்தில் வேறாக இருக்கக்கூடும். இந்தக் காட்சி வேண்டுமென்றால் இப்போதே போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பாசிர் ரிஸ் இதற்கு நேர்மாறான இடம். ஈஸ்ட் கோஸ்ட்டில் உடல் ஓடுகிறது. பாசிர் ரிஸ்ஸில் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தாலே 70 ஹெக்டர் பூங்கா வந்துவிடும். அதற்குள் ஆறு ஹெக்டர் சதுப்புநிலக் காடு இருக்கிறது. மரப்பலகைப் பாதையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால், ஒரு விரல் நீள மீன் சேற்றின்மீது முன் துடுப்புகளை ஊன்றி நகர்ந்து, சற்று நின்று, பின் சட்டென்று தாவும். இன்னொன்று அதன் பகுதிக்குள் வந்துவிட்டால் இரண்டும் முதுகுத் துடுப்பை விசிறிபோல விரித்து ஒன்றையொன்று மிரட்டும். இதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றிருக்கிறோம். மூன்று மாடி உயரப் பறவை நோக்குக் கோபுரமும், பெரிய மரங்களில் பகலில் உறங்கும் புள்ளி ஆந்தைகளும், பாதையில் அச்சமின்றித் திரியும் காட்டுக்கோழிகளும் உண்டு. ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று தேடி அலையவேண்டாம். நீண்ட லென்சுடன் நாலு பேர் அண்ணாந்து நிற்கும் இடத்தில் நாமும் நின்றால் போதும்.

நிழலும் இருக்கையும் கழிவறையும் மூன்று இடங்களில் இங்குதான் மிகவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருபவர், ஊன்றுகோலோடு நடப்பவர், நாள்தோறும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர் ஆகியோருக்கு நான் தயங்காமல் பாசிர் ரிஸ்ஸைச் சொல்வேன். கடலில் இறங்கிக் குளிக்க விரும்புவோர் மட்டும் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் கடல்நீர்த் தர அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

சாங்கிக்குப் போவது மூன்றிலும் சிரமமானது. ரயில் இல்லை. தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்தோ, தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண் பேருந்தோ பிடிக்கவேண்டும். இருந்தாலும், பத்தாவது முறைக்கும் ஏதாவது மிச்சம் வைத்திருக்கும் இடம் எது என்று கேட்டால் என் விடை சாங்கிதான்.

பேருந்து முனையத்தைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள்ளேயே எத்தனை இருக்கின்றன! சாங்கி வில்லேஜ் சாலையில் 1946 முதல் இருந்துவரும் ஸ்ரீ இராமர் ஆலயம் இருக்கிறது. பிரிட்டிஷ் படைத்தளம் இந்தப் பகுதியில் இருந்த காலத்தில் நம்மவர்கள் வழிபட எழுந்த அந்தக் கோயிலில், புத்தரும் குவான் யின்னும் நம் தெய்வங்களோடு இடம்பெற்றிருப்பதால், சீனப் பக்தர்கள் வந்து வணங்கிப் போவதை எந்த நாளும் காணலாம். கோயிலில் வணங்கிவிட்டு, உணவங்காடி நிலையத்தில் ஒரு கோப்பியும் நாசி லெமாக்கும் முடித்துவிட்டுப் புறப்பட்டால், 2.2 கிலோமீட்டர் நீளமுள்ள கடலோர நடைபாதை ஆறு பகுதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு பகுதி பாறைச் சரிவை ஒட்டிப் போகிறது. இன்னொன்று தூண்கள்மேல் கடலுக்கு மேலாகவே போகிறது. சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஈஸ்ட் கோஸ்ட்டில் நின்று அந்தி வானத்தைப் பார்த்தால் சூரியன் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போய்விடுகிறது. இங்கோ, மாலை ஏழு மணியளவில் நீருக்கு மேலேயே வானம் சிவக்கிறது. மறுபக்கத்தில், 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள சாங்கி கடற்கரைப் பூங்காவில் விடியலைப் பார்க்கலாம். சில நாள்களில் தரையிறங்கும் விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்துபோகும். அதே மணலில்தான் 1942 பிப்ரவரி 20ஆம் தேதி ஜப்பானியப் படையினர் 66 சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அங்குள்ள நினைவுப் பலகையருகே சற்று நின்றுவிட்டுத்தான் நாங்கள் நடையைத் தொடர்வோம்.

இவை தவிர, சாங்கியிலிருந்து படகேறினால் புலாவ் உபின் தீவு. ஆளுக்கு நான்கு வெள்ளி. பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். படகு நேரம் பார்த்துப் புறப்படுவதில்லை. 12 பேர் சேர்ந்தால் புறப்படும். ஒரு புதன்கிழமை காலை நாங்கள் ஐவரும், மிதிவண்டிகளுடன் மூன்று இளைஞர்களும், தூண்டில்காரர் இருவரும், ஒரு பை நிறையக் காய்கறியோடு தீவுக்குத் திரும்பும் மலாய் மூதாட்டி ஒருவரும் காத்திருந்தோம். பதினொரு பேர். படகோட்டி ஒரு விரலைக் காட்டிவிட்டு மீண்டும் செய்தித்தாளில் மூழ்கிவிட்டார். கால்மணி நேரம் போயிற்று. எங்கள் குழுவில் மூத்தவர், “மிச்சம் நாலு வெள்ளியை நாமே கொடுத்துடலாமே, தம்பி” என்றார். “கொடுக்கலாம் அண்ணே, ஆனா அந்தம்மா அவசரப்படாம உட்கார்ந்திருக்காங்க பாருங்க” என்றேன். சொல்லி முடிக்குமுன் ஒரு மாணவி ஓடிவந்து சேர்ந்தாள். கூடுதலாகக் கொடுத்துப் புறப்படுவதில் தவறில்லை. உச்சிவெயிலுக்குமுன் திரும்ப விரும்புவோருக்கு அது நல்ல வழிதான். காத்திருக்கும் நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உபின் சென்றால் செக் ஜாவாவைத் தவறவிடக் கூடாது. அந்தச் சதுப்பு நிலத்தையும் கடலடித் தரையையும் தூர்க்கும் திட்டம் இருந்தது. ஆர்வலர்கள் கடல் வற்றும் நேரங்களில் அங்கு வாழும் உயிரினங்களைப் பதிவுசெய்து, பொதுமக்களும் திரண்டு போய்ப் பார்த்ததன் விளைவாக, 2001 இறுதியில் அரசு அத்திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007இல் திறக்கப்பட்ட பலகைப் பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 20 மீட்டர் உயரக் கோபுரமும் உண்டு, படி ஏற முடியாதவர்கள் அதை விட்டுவிடலாம். கடல் அரை மீட்டருக்குக் கீழே வற்றும் நேரத்தில் போனால்தான் கடற்புல் படுகையும் நண்டுக் கூட்டமும் கண்ணில் படும் என்பதால், கடல் வற்றும் நேர அட்டவணையைப் பார்க்காமல் நாள் குறிப்பது வீண். காலை 8.30 முதல் மாலை 6 மணிவரை திறந்திருக்கும். படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ முக்கால் மணி நேர நடை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேன் கிடைக்கும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிங்கப்பூரில் காணாமல்போயிருந்த இருவாச்சிப் பறவை 1994இல் மீண்டும் தென்பட்டது இந்தத் தீவில்தான். இப்போது அவை சாங்கி வில்லேஜ் மரங்களுக்கும் வந்துவிடுகின்றன.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. பாசிர் ரிஸ்ஸுக்குச் சலுகைக் கட்டணப் பயணச்செலவு மட்டுமே. ஈஸ்ட் கோஸ்ட்டில் மிதிவண்டி வாடகையும் சேரும். உபின் போய்வர எட்டு வெள்ளி. மழைதான் கணக்கை மாற்றிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை நாள்களிலும், விடியற்காலையில் ‘சுமத்ரா’ புயல்காற்று வீசும் நாள்களிலும் படகுப் பயணத்தைத் திட்டமிடவே கூடாது. அத்தகைய காலையில் ரயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பாசிர் ரிஸ்தான் துணை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பள்ளி விடுமுறையில் எனக்கு ஈஸ்ட் கோஸ்ட்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கிருந்து விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் பாதையில் டைனோசர் உருவங்கள் நிற்கும் ஒரு கிலோமீட்டர் தூரத்தைப் பிள்ளைகள் களைப்பில்லாமல் கடந்துவிடுவார்கள்.

எங்கள் ஐவரில் இருவர் இன்னும் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம்தான் நிற்கிறார்கள், அவர்களுக்கு வியர்க்க வேண்டும். அடுத்த புதன்கிழமை கடல் காலை பத்தரை மணியளவில் நன்றாக வற்றும் என்று அட்டவணை சொல்வதால், அவர்களும் உபினுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள். முழங்கால் தேறிவரும் என் மனைவியும் இந்த முறை வருகிறார். ஏழரை மணிக்குத் தானா மேரா நிறுத்தத்தில் கூடுகிறோம். ஆறு பேர் இருப்பதால் படகுக்கு இன்னும் ஆறு பேர் கிடைத்தால் போதும்.