வீட்டுக் கணினிக்கு எந்த பேக்கப் மென்பொருள்? மீட்டுப் பார்த்து ஒப்பிடுவோம்

பேக்கப் மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் அளக்கின்றன: எவ்வளவு வேகமாக நகலெடுக்கிறது, எவ்வளவு சுருக்குகிறது. இரண்டுக்கும் நான் பெரிய மதிப்பெண் தருவதில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெளி டிஸ்க்கும் அதன் இணைப்பும்தான். 200 ஜிபி தரவை யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 35 எம்பி வீதம் அனுப்பினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதையே யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு 100 எம்பி வீதம் எழுதினால் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். எந்த மென்பொருளைப் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

நான் பார்ப்பது வேறு. டிஸ்க் செத்துப்போய் விண்டோஸ் எழவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த மென்பொருளின் வழக்கமான முகப்பையே நாம் பார்க்கப்போவதில்லை. அது உருவாக்கித் தந்த மீட்பு பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, புது டிஸ்க்கில் பழைய விண்டோஸை அப்படியே இறக்க வேண்டும். ஆகவே பென் டிரைவ் பூட் ஆகிறதா, உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பார்க்கிறதா, நகல் இருக்கும் வெளி டிஸ்க்கைத் திறக்கிறதா என்பதை வைத்தே நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன்: விண்டோஸோடு வருபவை, வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு, மேக்ரியம் ரிஃப்ளெக்ட் எக்ஸ், ரெஸ்க்யூசில்லா.

விண்டோஸோடு வருபவை

இதை விரைவாகக் கடந்துவிடலாம். ஃபைல் ஹிஸ்டரி 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை மணிக்கொரு முறை வெளி டிஸ்க்கில் சேர்த்துவைக்கும். ஒரு கோப்பின் நேற்றைய வடிவம் வேண்டும் என்றால் நன்றாகவே உதவும். ஆனால் விண்டோஸை அது மீட்டுத் தராது. சிஸ்டம் ரீஸ்டோர் பழுதான டிரைவரையோ அப்டேட்டையோ பின்வாங்க வைக்கும், அவ்வளவுதான். அது எடுத்துவைக்கும் மீட்புப் புள்ளிகள் அதே டிஸ்க்கில் இருப்பதால் டிஸ்க் போனால் அவையும் போகும். அந்தப் புள்ளிகள் தங்கியிருக்கும் ஷேடோ காப்பிகளை (விண்டோஸ் எடுத்துவைக்கும் உறைந்த நகல்கள்) ஓசையில்லாமல் அழித்துவிடும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்களிடமும் அது தப்பாது. 2017இல் பரவிய வானாக்ரை செய்ததும் அதைத்தான்.

2023இல் வந்த விண்டோஸ் பேக்கப் ஆப், கோப்புறைகளையும் அமைப்புகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்புகிறது. இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. புதுக் கணினியில் உள்நுழைந்தால் வால்பேப்பர், அமைப்புகள், ஸ்டோர் ஆப்கள் திரும்பி வரும். தனியாக இறக்கி நிறுவிய டெஸ்க்டாப் மென்பொருள்களை மறுபடி நாமேதான் நிறுவ வேண்டும்.

முழு டிஸ்க் இமேஜ், அதாவது விண்டோஸும் கோப்புகளும் சேர்ந்த முழு டிஸ்க்கின் நகல், எடுக்கும் பழைய கருவி இன்றும் கண்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் 7’ என்ற அடைமொழியோடு இருக்கிறது. 2017லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. உருவாக்கியவர்களே நம்பாத ஒன்றில் குடும்பப் படங்களை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபைல் ஹிஸ்டரியை மட்டும் கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம்.

வீம் ஏஜென்ட்டும் மேக்ரியமும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் எடுக்கும். விண்டோஸின் ஷேடோ காப்பி சேவை அந்த நொடியின் உருவத்தை உறையவைத்துத் தருவதால், திறந்திருக்கும் கோப்புகளும் சேர்ந்தே வந்துவிடும். முதல் முறை முழுசாக, அப்புறம் மாறிய பகுதிகள் மட்டும். இரண்டிலும் இமேஜைத் திறந்து ஒற்றைக் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வேறு வன்பொருள் உள்ள கணினியில் இறக்கவும் இரண்டிலும் வழி உண்டு.

வீம் பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கு பேக்கப் மென்பொருள் செய்யும் கம்பெனி. 2015இல் வீட்டுக் கணினிகளுக்கென்று இலவசமாக ஒன்றை வெளியிட்டது. பின்னாளில் வீம் ஏஜென்ட் என்று பெயர் மாறினாலும் இலவசப் பதிப்பு தொடர்கிறது. அதில் ஒரே ஒரு பேக்கப் வேலையைத்தான் அமைக்கலாம். சி டிரைவை ஒரு டிஸ்க்கிலும் படங்களை இன்னொரு டிஸ்க்கிலும் தனித்தனி நேரத்தில் எடுக்க விரும்புபவருக்கு இது போதாது. மொத்தக் கணினியையும் ஒரே இடத்தில் எடுத்தால் போதும் என்பவருக்கு இந்த வரம்பு தெரியவே தெரியாது.

வீமில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன டிக் பெட்டி. பேக்கப் முடிந்ததும் வெளி டிஸ்க்கைத் தானே துண்டித்துவிடும். டிஸ்க் செருகியபடியே கிடந்தாலும், அதை ஒருமுறை கழற்றிச் செருகும்வரை கணினியில் ஓடும் எதற்கும் அது சுலபமாகக் கிடைக்காது. ரான்சம்வேர் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான் என்பதால், மறதிக்காரர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. இடம் நிறைந்துபோகும் தலைவலியும் குறைவு. வைத்துக்கொள்ளச் சொன்ன நாட்கள் தாண்டியதும், மிகப் பழைய சிறு நகலை முழு நகலோடு கலந்து நகல்களின் வரிசையைச் சுருக்கிக்கொள்ளும்.

மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பைப் பல ஆண்டுகள் பலரும் பரிந்துரைத்துவந்தார்கள். அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1 உடன் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரிஃப்ளெக்ட் எக்ஸ் வந்தது. இது சந்தா முறை, 30 நாள் சோதனைக் காலம் உண்டு. பழைய இலவசப் பதிப்பையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், மாறிவிடுங்கள். டிஸ்க்கின் அடிமட்டம் வரை கைவைக்கும் ஒரு மென்பொருளைப் பாதுகாப்புத் திருத்தமே வராத நிலையில் வைத்திருப்பது நல்லதல்ல. மாறும்போது ஒரு விஷயம்: எக்ஸ் புதிய கோப்பு வடிவத்தில் எழுதுகிறது. பழைய இமேஜ்களை எக்ஸ் படிக்கும், எக்ஸ் எழுதியதைப் பழைய பதிப்பு படிக்காது. ஆகவே பழைய மீட்பு பென் டிரைவையும் புதுப்பித்தாக வேண்டும்.

காசு கொடுத்தால் என்ன கிடைக்கிறது? முதலாவது, மீட்பின் வேகம். அதே டிஸ்க்கில் பழைய நிலைக்குத் திரும்பும்போது, இமேஜுக்கும் டிஸ்க்குக்கும் வேறுபடும் பகுதிகளை மட்டும் எழுதுகிறது. கெட்டுப்போன ஒரு அப்டேட்டிலிருந்து திரும்ப முழு 200 ஜிபியையும் எழுதத் தேவையில்லை. இரண்டாவது, இமேஜ் கோப்புகளை வேறு நிரல்கள் மாற்றவோ அழிக்கவோ விடாமல் காக்கும் இமேஜ் கார்டியன். மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே காசுக்குத் தகுந்ததாகப் படுகிறது. வைபூட் என்ற கருவி, எடுத்த இமேஜை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக, அதாவது இருக்கும் கணினிக்குள்ளேயே ஓடும் கணினியாக, கிளப்பிக் காட்டும். டெஸ்க்டாப் தெரிந்து, உள்நுழைய முடிந்தால் அந்த இமேஜ் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்ற பச்சை டிக்கைவிட இது ஆயிரம் மடங்கு நம்பகமான சான்று.

மீட்பு பென் டிரைவ் விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். இரண்டும் இப்போது ஓடும் கணினியிலிருந்தே டிரைவர்களை எடுத்துப் பென் டிரைவில் சேர்க்கும். இதன் அருமை புது லேப்டாப் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் இன்டெல்லின் விஎம்டி முறை இயக்கப்பட்ட கணினிகளில், அதற்கான டிரைவர் இல்லாத மீட்புச் சூழல் உள்ளே இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியையே காணாது. எல்லாம் சரியாக இருக்கும், டிஸ்க் பட்டியல் மட்டும் காலியாக நிற்கும். பழுதானதே டிஸ்க்தான் என்று தவறாக நினைக்க இது போதும். வைஃபை வழியாக நெட்வொர்க் டிஸ்க்கில் பேக்கப் வைத்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேக்ரியம் விண்டோஸ்ஆர்இ, விண்டோஸ்பிஇ என்ற இரண்டு சிறு விண்டோஸ் சூழல்களை அடித்தளமாக வைத்துப் பென் டிரைவ் செய்ய விடும். முதலாவதில்தான் வைஃபை வேலை செய்யும்.

ரெஸ்க்யூசில்லா

இது வேறு வகை. விண்டோஸில் நிறுவுவதே இல்லை. உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட திறமூல மென்பொருள், பென் டிரைவிலிருந்து நேராகக் கிளம்பும். குளோன்சில்லா என்ற இன்னொரு இமேஜ் கருவி எடுத்த இமேஜ்களை இது படிக்கும், இது எடுத்தவற்றைக் குளோன்சில்லாவும் படிக்கும். கருப்புத் திரையில் வரிசையாகக் கேள்வி கேட்கும் குளோன்சில்லாவைப் பார்த்து மிரண்டவர்கள் மவுஸோடு வரும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இதன் பெரிய பலம், பேக்கப் எடுப்பதும் மீட்பதும் ஒரே பென் டிரைவ் என்பதுதான். இமேஜ் எடுக்கும்போதே பென் டிரைவ் பூட் ஆகிறது, உள் டிஸ்க் தெரிகிறது, வெளி டிஸ்க் திறக்கிறது என்பதெல்லாம் தானாகவே சோதிக்கப்பட்டுவிடுகிறது. மற்றவற்றில் தனியாக மெனக்கெட வேண்டிய சோதனை இது.

குறைகளும் கனமானவை. மாறியதை மட்டும் எடுக்கும் வசதி இல்லை, ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான். அட்டவணை போட்டு ஓட்ட முடியாது. கணினியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீட்கும் டிஸ்க் மூல டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும், பாதிக்கு மேல் காலியாக இருந்த 1 டிபி டிஸ்க்கை 500 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்க நேரடி வழியில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னொரு தொல்லை. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருப்பதால், லினக்ஸ் கருவிகள் அந்தப் பார்ட்டிஷனைத் தொட மறுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தாலோ, ரீஸ்டார்ட் கொடுத்துப் பென் டிரைவுக்குப் போனாலோ இது தீரும்.

எனவே இதை அன்றாட பேக்கப்புக்கு நான் சொல்லமாட்டேன். புதுக் கணினியில் தேவையான மென்பொருளெல்லாம் போட்டு முடித்த அன்று ஒரு இமேஜ், பெரிய விண்டோஸ் மாற்றத்துக்கு முன் ஒன்று என்று எடுத்துவைக்க இதைப் போல எளிய வழி இல்லை.

எப்படிச் சோதிப்பது

மூன்று மென்பொருளில் எதை எடுத்தாலும், வேலை செய்யும் கணினியின் டிஸ்க்கை அழித்துச் சோதிக்க வேண்டாம். கையில் ஒரு உபரி எஸ்எஸ்டி இருந்தால் அதை மாற்றிப் போட்டு அதில் இறக்கிப் பாருங்கள், இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. இறக்கி முடித்ததும் பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒன்றாக இணைத்துப் பூட் செய்ய வேண்டாம். இரண்டின் அடையாளமும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

உபரி டிஸ்க் இல்லையா? மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் காலியான மெய்நிகர் டிஸ்க்கோடு ஒரு கணினியை உருவாக்கி, மீட்பு பென் டிரைவின் உள்ளடக்கம் ஒற்றைக் கோப்பாக இருக்கும் ஐஎஸ்ஓவிலிருந்து கிளப்பி, அதில் இறக்கலாம். மூலக் கணினி யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் ஓடுகிறது என்றால் மெய்நிகர் கணினியிலும் இஎஃப்ஐயை இயக்க மறக்காதீர்கள். மறந்தால் நல்ல இமேஜ்கூட பூட் ஆகாது. இமேஜ் நன்றாக இருக்கிறது என்பதை இந்தச் சோதனை காட்டிவிடும். ஆனால் பென் டிரைவ் உங்கள் நிஜக் கணினியில் டிஸ்க்கைக் காண்கிறதா என்பதை இதில் அறிய முடியாது. அதற்குப் பென் டிரைவைச் செருகி பூட் செய்து, டிஸ்க் பட்டியல் வரை போய்ப் பார்த்துவிட்டு, எதையும் அழுத்தாமல் வெளியே வாருங்கள். சில நிமிட வேலைதான்.

இந்தச் சின்னச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்ய இப்போது கூடுதல் காரணம் இருக்கிறது. நம்பகமான மென்பொருளை மட்டுமே பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டுக்கான 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களை மைக்ரோசாஃப்ட் 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்களால் மாற்றிவருகிறது. பழைய சான்றிதழ் முடக்கப்பட்ட கணினியில், அதை நம்பி உருவான விண்டோஸ் மீட்பு பென் டிரைவ் பூட் ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் செய்து அலமாரியில் வைத்த பென் டிரைவை நம்பாமல் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்.

என் தேர்வு

சந்தா கட்ட விருப்பமில்லாத வீட்டுக்கு வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு. அதில் மொத்தக் கணினியையும் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் டிஸ்க்கைத் துண்டிக்கும் பெட்டியை டிக் செய்துவிடுங்கள். கணினியை நம்பியே பிழைப்பு, அரை நாள் நின்றாலும் நஷ்டம் என்பவருக்கு மேக்ரியம். வைபூட்டுக்காகவும் வேகமான மீட்புக்காகவும் அந்தச் சந்தா தகும். இரண்டில் எதை வைத்திருந்தாலும் ரெஸ்க்யூசில்லாவில் ஒரு இமேஜைத் தனி டிஸ்க்கில் போட்டுவையுங்கள். ஒரு நிறுவனம் நாளை தன் இலவசப் பதிப்பை நிறுத்தினாலும் அந்த இமேஜைத் திறக்க யார் தயவும் வேண்டியதில்லை.

விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் பூட்டுள்ள கணினியில் இரண்டு வேலைகள் கூடுதலாக உண்டு. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. ஆகவே ‘நான் போடவில்லையே’ என்று இருக்காமல் அமைப்புகளில் பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதிவையுங்கள். அடுத்தது, விண்டோஸ் ஓடும்போது எடுக்கும் இமேஜுக்குள் தரவு பூட்டில்லாமல்தான் இருக்கும். வெளி டிஸ்க்கைக் கண்டெடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். வீமிலும் மேக்ரியத்திலும் இமேஜுக்கே கடவுச்சொல் போடும் வசதி உண்டு, முதல் பேக்கப்பிலேயே அதை இயக்குங்கள். புது டிஸ்க்கில் மீட்ட பிறகு பிட்லாக்கரையும் மறுபடி இயக்க வேண்டும், அது தானாகத் திரும்பி வராது.