டபுள் ஹெலிக்கல் கியர் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: ‘ஒரே செட்டிங்’ என்று சொல்லி ஏமாற்றினார்கள்

நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய கியர் என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது, பல் முகமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஓட்ட முடியாது. இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நான் கேட்டது நடுவில் பள்ளம் இல்லாத டபுள் ஹெலிக்கல் கியர், அதாவது இரண்டு பாதியிலும் பற்கள் எதிரெதிராகச் சாய்ந்து நடுவில் V போலக் கூடும் கியர். நார்மல் மாட்யூல் (பல்லின் அளவு) 3, பல் 40, ஹெலிக்ஸ் கோணம் (பல்லின் சாய்வு) 30 டிகிரி. பள்ளம் இல்லாவிட்டால் சாதாரண ஹாபிங் மெஷினில் வெட்ட முடியாது, ஹாப் (பல் வெட்டும் சுழல் கருவி) வெளியேற இடம் வேண்டும். ஃபைவ் ஆக்சிஸ் மெஷினில் எண்ட் மில் என்ற சிறிய வெட்டுக் கருவி கொண்டு இரண்டு பக்கமும் ஒரே செட்டிங்கில் (கழற்றாமல் ஒரே பிடியில்) முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அதை நம்பித்தான் அவர்களிடம் போனேன்.

முதல் கணினி மாடல் வந்தபோதே உறுத்தியது. பிட்ச் விட்டம் (பற்கள் கோத்து ஓடும் கற்பனை வட்டத்தின் விட்டம்) 120 மி.மீ. என்று போட்டிருந்தார்கள். 3ஐயும் 40ஐயும் பெருக்கிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஹெலிக்கல் கியரில் அதைக் கொசைன் 30ஆல் வகுக்க வேண்டும், 138.56 வரும். கேட்டதற்கு “டைப்பிங் மிஸ்டேக் சார்” என்றார்கள். டைப்பிங் தவறு இப்படிச் சரியாக 120இல் வந்து நிற்காது. கியர் தெரியாத ஒருவர் சாஃப்ட்வேர் கேட்ட கட்டங்களை நிரப்பியிருக்கிறார். அன்றே ஆர்டரை நிறுத்தியிருக்க வேண்டும். திருத்திய மாடலும் அழகான சிமுலேஷன் வீடியோவும் வந்ததும் சமாதானமாகிவிட்டேன்.

கியர் வந்ததும் மாட்டி, பல்லில் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவிக் கையால் சுற்றினேன். வலது பாதியில் நீலம் நன்றாகப் பதிந்தது. இடது பாதியில் ஒரு பொட்டுகூட இல்லை. அப்புறம் மாண்ட்ரலில் (கியரைப் பிடிக்கும் தண்டு) ஏற்றி டயல் கேஜ் வைத்தேன். ஒரு பாதியில் ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) 0.01 மி.மீ., மறு பாதியில் 0.06. ஒரே பிடியில் வெட்டியிருந்தால் இந்த வித்தியாசம் வராது. இரண்டு முகத்திலும் கிளாம்ப் தடமும் இருந்தது. ஒரு பக்கம் வெட்டி, ஜாபைக் கழற்றித் திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டியிருக்கிறார்கள்.

வேறு இடத்தில் சி.எம்.எம். என்ற நுண்ணளவு மெஷினில் அளந்தபோது இரண்டு பாதிகளும் பிட்ச் வட்டத்தில் 0.6 மி.மீ. விலகியிருந்தன. 30 டிகிரியில் அது கூர்முனையை (இரண்டு பாதிப் பற்களும் கூடும் V முனை) அச்சு வாக்கில் சுமார் 0.52 மி.மீ. தள்ளிவிடும். இந்த வகை கியரில் பினியன் (இதோடு கோத்து ஓடும் சிறிய கியர்) அச்சு வாக்கில் கொஞ்சம் நகர விட்டிருப்பார்கள், அப்போதுதான் சுமை இரண்டு பாதிக்கும் சமமாகப் பிரியும். என் பினியனுக்கு இருந்த அசைவு இருபுறமும் 0.25 மட்டும். அது ஓரத்தில் போய் முட்டி நிற்கிறது, முழுச் சுமையும் ஒரு பாதியின் மேல். இரண்டு பாதியின் அச்சுத் தள்ளலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பதற்காகத்தானே இந்த கியரையே தேர்ந்தெடுக்கிறோம்!

இன்னும் கோபம் வந்தது அவர்கள் கொடுத்த ஆய்வு அறிக்கையைப் பார்த்து. இடது ஹெலிக்ஸ், வலது ஹெலிக்ஸ் இரண்டுக்கும் ஒரே எண்கள், கடைசி தசமம் வரை. இரண்டாவதை அளக்கவே இல்லை. கேட்டால் “சாஃப்ட்வேரில் கரெக்டாத்தான் இருக்கு” என்ற ஒரே பதில். ஒரு பாதியைச் செதுக்கிச் சரிக்கட்டவும் வழியில்லை, 0.6 எடுத்தால் பல் மெலிந்து பேக்லாஷ் (பற்களுக்கிடையே தளர்வு) ஏறிவிடும். பணமும் திரும்பவில்லை.

ஆர்டரில் கூர்முனை எவ்வளவு விலகலாம் என்பதை மி.மீ.இல் எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஹெலிக்ஸுக்கும் தனித்தனி லீட் (பல் நீளவாக்கில் சாயும் விதம்), புரொஃபைல் (பல் முகத்தின் வளைவு) வரைபடம் கேளுங்கள், எண்கள் மட்டும் போதாது. முடிந்தால் வெட்டும்போது நேரில் போய் நில்லுங்கள்.

நான் இப்போது நடுவில் பள்ளம் விட்டு வரைபடத்தை மாற்றி, ஹாபிங் செய்பவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பாதி முடிந்ததும் ஜாபைக் கழற்றாமல் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.