கேமரா மக்கர் செய்தால்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

நாலைந்து வருடம் உழைத்த கேமரா ஒருநாள் எர்ரர் காட்டி நின்றுவிட்டால் பலரும் முதலில் தேடுவது புது மாடலின் விலையைத்தான். அதற்கு முன்னால் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவிட்ச், கேபிள், லென்ஸ், ஷட்டர் (ஒளியைத் திறந்து மூடும் திரை) இவற்றில் என்றால் பழைய கேமராவாக இருந்தாலும் சரிசெய்வதைப் பற்றி யோசிக்கலாம். சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), மெயின் போர்டு, உப்புத் தண்ணீர் என்றால், வாரண்டி இல்லாத பட்சத்தில் புதுக் கேமராவாக இருந்தாலும் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது.

ஆன் ஆகவில்லை என்பதாலேயே பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பேட்டரி மூடியின் உட்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை இருக்கும். மூடும்போது அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தும். முனை உடைந்தாலோ சுவிட்சில் தூசி அடைத்தாலோ, முழு சார்ஜ் உள்ள பேட்டரி போட்டாலும் கேமரா விழிக்காது. மரப் பல்குச்சியால் அந்தச் சுவிட்சை மெல்ல அழுத்திப் பாருங்கள். கேமரா ஆன் ஆனால் மாற்ற வேண்டியது மூடியை மட்டும்தான். பல மாடல்களில் மெமரி கார்டு மூடிக்கும் இதே ஏற்பாடு உண்டு. தேதி, நேரம் அடிக்கடி அழிந்துபோனால் உள்ளே இருக்கும் சிறிய பேக்கப் பேட்டரி தீர்ந்திருக்கும். அது கேமராவை விற்கக் காரணமே இல்லை.

அதிகம் பேர் ஏமாறும் இடம் லென்ஸ். கேனானில் வரும் எர்ரர் 01 லென்ஸுக்கும் பாடிக்கும் தொடர்பு அறுந்ததைச் சொல்கிறது. எது குற்றவாளி என்று சொல்வதில்லை. லென்ஸைக் கழற்றி, நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துளி தொட்டு இரு பக்கத் தங்கப் புள்ளிகளையும் துடையுங்கள். சரியாகவில்லை என்றால் அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) லென்ஸின் அதிகபட்சத் திறப்பில் வைத்து ஒரு படம், துளை சுருங்கும் எஃப்/8இல் ஒரு படம் எடுங்கள். முதலாவது வந்து இரண்டாவதில் எர்ரர் வந்தால் பழுது பெரும்பாலும் லென்ஸுக்குள் அப்பெர்ச்சருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிளில்தான் (வளையும் மெல்லிய பட்டைக் கேபிள்). முழுத் திறப்பில் அப்பெர்ச்சர் இதழ்கள் அசையவே வேண்டியதில்லை, அதனால் அப்போது பழுது தெரிவதில்லை. ஜூம் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேபிள் மடங்கி நிமிர்கிறது. நாளடைவில் விரிசல் விடுகிறது. கேனான் 17-85 லென்ஸும், 24-105 எஃப்/4 முதல் பதிப்பும் இதற்குப் பேர்போனவை. இந்த ஒரு கேபிளுக்காக நல்ல பாடிகளை விற்றவர்கள் இருக்கிறார்கள்.

பென்டாக்ஸ் கே-30, கே-50 மாடல்களில் கதை தலைகீழ். படங்கள் கன்னங்கரேலென்று வரும், பழி லென்ஸ் மீது விழும். உண்மையில் பாடிக்குள் அப்பெர்ச்சரை இயக்கும் சோலினாய்டு என்ற சிறு மின்காந்தம் ஒட்டிக்கொள்கிறது. அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸை மாட்டி வளையத்தாலேயே இயக்கினால் படம் சரியாக வரும். அதை வைத்தே உறுதி செய்யலாம். பாகம் சின்னது, ஆனால் சால்டரிங் தெரிந்த கை வேண்டும்.

ஷட்டரைப் பொறுத்தவரை, நிறுவனங்கள் சொல்லும் ஆயுள் கணக்கை ஜாதகம் மாதிரி நம்ப வேண்டாம். கேனான் 5டி மார்க் IVக்கு 1,50,000, நிக்கான் டி850க்கு 2,00,000 முறை என்பது சோதனைக்கூட எண். அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு, பாதியில் போவதும் உண்டு. வெள்ளைச் சுவரை 1/4000 நொடியிலும் 1/60 நொடியிலும் எடுங்கள். வேகமான படத்தில் மட்டும் மேலோ கீழோ கறுப்புப் பட்டை விழுந்தால், அல்லது வெளிச்சம் ஒருபக்கம் சரிந்தால், ஷட்டர் திரைகள் தடுமாறுகின்றன. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா என்றால் இன்னும் சுலபம்: எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றி அதே படத்தை எடுங்கள். சுத்தமாக வந்தால் சென்சார் நலம், ஷட்டர் மட்டும்தான் போயிருக்கிறது.

ஷட்டர் மாற்றுவது நியாயமான செலவு. ஆனால் அதற்காகப் பெரும்பாலான பாடிகளில் சென்சாரையும் கழற்றுவார்கள். திரும்பப் பொருத்தும்போது இம்மி சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கும். சென்சார் சமதளத்தைச் சரிபார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டிலேயே திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ஃப்ளாஷ் இருக்கும் கேமராவில் கப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் தாங்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அந்த மின்சாரம் உள்ளே இருக்கும்.

செலவு செய்யும் முன் உங்கள் மாடலுக்கு சர்வீஸ் அறிவிப்பு ஏதும் உண்டா என்று சீரியல் நம்பரை வைத்துப் பாருங்கள். சென்சாரில் புள்ளிகள் படிந்த டி600 மாடலுக்கு 2014இல் வாரண்டி முடிந்தவர்களுக்கும் நிக்கான் இலவசமாக ஷட்டர் மாற்றிக் கொடுத்தது.

கணக்கை வாங்கிய விலையோடு ஒப்பிடக் கூடாது. நல்ல நிலையில் உள்ள அதே மாடல் இன்று செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்று பாருங்கள். பழுதுச் செலவு அதில் பாதிக்குள் என்றால் சரிசெய்யலாம். தாண்டினால் அந்த செகண்ட் ஹேண்ட் பாடியையே வாங்குவது மேல். பேட்டரி, சார்ஜர், லென்ஸ் எல்லாம் அப்படியே பயன்படும். புது வகைக்குத் தாவினால் மறைமுகச் செலவுகள் பின்தொடரும். உதாரணமாக, பழைய லென்ஸ்களை நிக்கானின் மிரர்லெஸ் கேமராவில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில், உள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

லென்ஸ் உள்வாங்கும் சின்ன கேமராக்களில் மணல் புகுந்து சிக்கினால் முழு லென்ஸ் யூனிட்டையே மாற்றுவார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. கடல் நீரில் விழுந்ததையும் விட்டுவிடுங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் உப்பு போகாது. காய்ந்தபின் ஓடினாலும் அரிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

கொடுக்க முடிவு செய்தால் மெமரி கார்டையும் வாரையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் பிரச்சினை என்றால் லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள், குறை தெரியும் இரண்டு மூன்று படங்களையும் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே அந்த வெள்ளைச் சுவர் சோதனையைச் செய்து, நான்கு மூலைகளும் ஒரே தெளிவில் இருக்கின்றனவா என்று அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்துப் பாருங்கள். வேலைக்குத் தரும் வாரண்டி பெரும்பாலும் சில மாதங்கள்தான்.