மூன்று வருஷ டென்சியோமீட்டர்: அந்தப் பூஜ்ஜியம் மட்டும்

போன வாரம் டென்சியோமீட்டருக்கு, அதாவது மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று முள்ளால் காட்டும் குழாய்க் கருவிக்கு, பீங்கான் முனை மாற்றினேன். செவக்காட்டுச் சரளையில் ஊன்றும்போது கீறல் விட்டிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த அண்ணன் மகன், "சித்தப்பா, நானும் ஒண்ணு வாங்கவா?" என்றான். உடனே பதில் சொல்ல வரவில்லை.

திருமங்கலம் பக்கம் எங்களுக்குச் செவக்காட்டில் அரை ஏக்கர் மல்லிகைப்பூ, ஓடை தாண்டிக் கரிசலில் பருத்தி. ஒரே கருவியைத்தான் இரண்டிலும் மாற்றி மாற்றி ஊன்றுகிறேன்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய வருஷம், சித்திரை மாதம். மாசிப் பட்டத்தில் போட்ட பருத்தி. முள் 70-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் மண் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது என்று கணக்கு. என் காலடியிலோ விரல் நுழையும் வெடிப்பு! மண் காயக் காய, குழாயில் இருக்கும் தண்ணீரை முனை வழியாக வெளியே இழுக்கும். அந்த இழுப்பைத்தான் முள் காட்டுகிறது. 80 சென்டிபார் (இழுப்பை அளக்கும் அலகு) பக்கம் போனால் காற்று உள்ளே புகுந்து இழுப்பு அறுந்துவிடும், முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்துவிடும். கரிசல் வெடித்து முனையை விட்டு விலகினால் அதற்கும் முன்னாலேயே அறும். எல்லாக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு, சரி. ஆனால் சேற்றுக்கும் செத்த மண்ணுக்கும் ஒரே எண் காட்டினால் புதிதாக வாங்கியவன் என்ன செய்வான்? நான் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டேன். காய் பிடிக்கிற நேரம். விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் ஆறவைத்த வெந்நீரை ஊற்றி, குமிழி அடங்கும்வரை தட்டித் தட்டி, மறுபடி ஊன்றுவதே வேலையாகிவிட்டது.

மல்லியில் கதையே வேறு. ஐப்பசியில் நல்ல மழை பெய்து நாலு நாள் வெயிலடித்தால் மேல்மண் வெளுத்துவிடும். அம்மா ஒரு பிடி அள்ளி உருட்டுவார். உருண்டை நின்றால் பதம் இருக்கிறது. விரல் பட்டதும் உதிர்ந்தால் மோட்டாரைப் போடச் சொல்வார். மேல்மண் உதிரத்தான் செய்தது. ஆனால் ஒரு அடிக்குக் கீழே முள் 12-இல் நின்றது. மோட்டார் போடவில்லை. வழக்கமாகக் கார்த்திகையில் வரும் இலை மஞ்சள் அந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவும் இப்போது தோண்டி அடிமண்ணைத்தான் உருட்டிப் பார்க்கிறார்.

சந்தேகம் தீர எடை போட்டும் பார்த்தேன். 100 கிராம் ஈரமண்ணை 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். எனக்கு 86 கிராம் வந்தது. குறைந்த 14-ஐ உலர்ந்த எடையான 86-ஆல் வகுத்தால் 16 சதவீதம். செம்மண்ணில் இது நல்ல ஈரம். இதே 16 கரிசலில் இருந்தால் செடி வாடிப் போகும், ஏனென்றால் களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. சதவீதத்தை வைத்து மட்டும் மண்ணைத் தரம் பிரிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வேர் எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை நேராகச் சொல்வது இந்த முள்தான். அந்த விஷயத்தில் இதற்கு ஈடாக என் கையில் வேறொன்றும் இல்லை.

அண்ணன் மகனுக்கு இருப்பது முழுக்கக் கரிசல். "வாங்காதேடா, உருட்டியே பாரு" என்று சொல்லிவிட்டேன். "அப்ப நீங்க மட்டும் ரெண்டாவது ஒண்ணுக்குச் சொல்லி வச்சிருக்கீங்களே?" என்றான். அது மல்லிக்கு, இரண்டடி ஆழத்தில் ஊன்றுவதற்கு. கரிசலுக்கு இனி இதைக் கொண்டுபோவதாக இல்லை.

புது முனை போட்டபின் இன்று காலை செவக்காட்டில் முள் 24. தண்ணீர் நாளை மறுநாள் விட்டால் போதும்.