ஓடும்போது ஜெல்லா, பேரீச்சம்பழமா?

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் செப்டம்பர் பிறந்ததுமே நீண்ட ஓட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். எந்த ஷூ என்ற பேச்சு ஓய்ந்ததும் அடுத்துக் கிளம்புவது, ஓடும்போது வாயில் எதைப் போடுவது என்ற கேள்வி. நான் ஜெல்லில் (சின்னப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் குழம்பு) தொடங்கி இப்போது பேரீச்சம்பழத்துக்கு மாறிவிட்டேன். ஆகவே இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இரண்டுமே தேவையில்லை, தண்ணீர் போதும். அதைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோனால், முழு மாரத்தானில் 30 கிலோமீட்டர் வாக்கில் கால் நகர மறுக்கும்.

ஜெல்லின் பலம் தெரிந்ததுதான். ஒரு பாக்கெட்டில் 20, 25 கிராம் மாவுச்சத்து. மெல்ல வேண்டாம், நார்ச்சத்தும் அநேகமாக இருக்காது. ஆனால் பெரும்பாலான ஜெல்கள் கெட்டியானவை, பின்னாலேயே நாலு மடக்குத் தண்ணீர் போக வேண்டும். தண்ணீருக்குப் பதில், உப்பும் சர்க்கரையும் கலந்த எலக்ட்ரோலைட் பானத்தைக் குடித்தால் சர்க்கரை மேல் சர்க்கரை ஏறி வயிறு கலக்கும்.

பேரீச்சையில், சின்ன ரகமாக இருந்தால் ஒரு பழத்துக்குச் சுமார் 6 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு வகைச் சர்க்கரையும் அதில் உண்டு. இரண்டும் குடலில் வெவ்வேறு வழியில் உறிஞ்சப்படுவதால் நெரிசல் குறைவு. முதல் நாள் இரவே கொட்டையை எடுத்துவிட்டு, பழத்தை இரண்டாகக் கிள்ளி, உள்ளே ஒரு சிட்டிகை உப்பு தடவி, சின்ன ஜிப் கவரில் போட்டுவைப்பேன். வியர்வை ஊற்றுகிற நம் ஊரில் அந்த உப்புக்கு வேலை இருக்கிறது. பாதிப் பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கினால் ஓடியபடியே கரைந்துவிடும். விரல் பிசுபிசுக்கும், அது ஜெல்லிலும்தான்.

என்னை மாற்றியது இதெல்லாம் இல்லை, பயிற்சிதான். பந்தயத்தன்று புதிதாக எதையும் சாப்பிடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஓடும்போது சாப்பிட வயிற்றையும் பழக்க வேண்டும். வாராவாரம் கொடுத்துக்கொண்டே வந்தால்தான் குடல் சர்க்கரையை வேகமாக இழுக்கக் கற்றுக்கொள்ளும். ஒரு ஜெல் நூறு ரூபாய், ஒரு நீண்ட ஓட்டத்துக்கு ஐந்து என்று வைத்தால் 12 ஞாயிறுக்கு ஆறாயிரம் ரூபாய். இதை நினைத்தே பலர் பயிற்சியில் ஜெல்லை மிச்சம் பிடித்து, பந்தயத்தன்று மட்டும் இடுப்புப் பெல்ட்டில் வரிசையாகச் செருகிக்கொண்டு வருகிறார்கள். பழகாத வயிறு அன்றைக்குத்தான் முரண்டு பிடிக்கும். பேரீச்சை அரைக் கிலோ வாங்கினால் நாலைந்து ஞாயிறுக்கு வரும். விலையைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. எத்தனையாவது பழத்தில் வயிறு கனக்கிறது என்பது பந்தயத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

கடலைமிட்டாயையும் சிலர் கேட்கிறார்கள். கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஓடி முடித்தபின் அதுபோல் வேறொன்று இல்லை. ஓடும்போது கடலையின் கொழுப்பு செரிக்க நேரமாகும், துகள் தொண்டையில் சிக்கும். வாழைப்பழம் நல்லதுதான், பையில் நசுங்கும்.

பேரீச்சையின் உண்மையான குறை நார்ச்சத்து. நூறு கிராமில் 7, 8 கிராம் இருக்கிறது. அரை மாரத்தானுக்கு அது தொந்தரவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் அதையே தின்றால் வயிறு ஊதி, கழிப்பறையைத் தேட வைக்கும். மூன்றரை மணி நேரத்துக்குள் முழு மாரத்தான் முடிக்கும் வேகம் எனக்குக் கிடையாது. அந்த வேகத்தில் மெல்லுவதே பாடாகத்தான் இருக்கும், அப்படி ஓடுபவர்களுக்கு ஜெல்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

என்னைப் போல மெதுவாக ஓடுபவர்கள் அரை மாரத்தானுக்குப் பேரீச்சையோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு மாரத்தான் என்றால் முதல் இரண்டரை மணி நேரம் பேரீச்சை, அப்புறம் ஜெல். அந்த ஜெல்லையும் கடைசி இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களில், அதே பிராண்ட், அதே சுவையில் எடுத்துப் பாருங்கள்.